கூத்துக்காரங்கள வச்சு நாடகம் போடுறவங்க கொஞ்சம் வாங்க: ஹபீப் தன்வீர் இத எப்படிச் சமாளிச்சார்?

செஞ்சி_மேடை

தோழர்களே வணக்கம். ஒரு விஷயம் ரெண்டு வாரமா மண்டையக் குடையுது, இங்க தெரிஞ்சவங்க இருப்பீங்கன்னு கேக்குறேன்.

நாங்க பத்துப் பேர் சேர்ந்து சின்னதா ஒரு நாடகக்குழு நடத்துறோம், எல்லாரும் வேலைக்குப் போறவங்க, சனி ஞாயிறு மட்டும்தான் ஒத்திகை. இந்தத் தடவை ரெண்டு கூத்துக் கலைஞர்களக் கூப்பிட்டிருக்கோம். அதுல ஒரு ஐயா கட்டியக்காரன் வேஷம் கட்டுறவர், அறுபது வயசு இருக்கும். அவர ஊர்ல பாரதக் கூத்துல பாத்திருக்கேன், ராத்திரி மூணு மணிக்கு மண்ணுல துண்ட விரிச்சுப் படுத்துட்ட சனத்த ஒரே ஒரு சொல்லால எழுப்பி உக்கார வைப்பார், யாரு எந்த மூலையில இருமுனாலும் அதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பார். அதே மனுஷன் எங்க ஒத்திகையில நான் எழுதிக் கொடுத்த பேப்பர கையில வாங்குனதும் கிளாஸ்ல எழுந்து நின்னு பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி ஆயிடுறார். கை ரெண்டும் தொடையோட ஒட்டிக்குது. "ஐயா நாலு அடி வச்சு இடது பக்கம் திரும்பிப் பேசுங்க"ன்னா நாலு அடிய எண்ணிக்கிட்டே போறார், வசனம் மறந்துடுது. போன ஞாயித்துக்கிழமை "எனக்கு இது வராது தம்பி, வேற ஆள வச்சுக்க"ன்னு சொல்லிட்டார். ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல.

எங்க குழுவுல ஒரு அக்கா "ஹபீப் தன்வீருக்கும் இதே கதைதான், படிச்சுப் பாரு"ன்னாங்க. தேடுனா பொறந்த வருஷம், விருது லிஸ்ட்டுதான் கிடைக்குது. சத்தீஸ்கர் கிராமத்து ஆளுங்கள வச்சு நாடகம் போட்டார்ங்கறதுக்கு மேல ஒண்ணும் தெரியல. அவர் நெசமா என்ன பண்ணுனார், எங்க தடுக்குனார், எப்படிச் சரி பண்ணுனார்? தெரிஞ்சவங்க விலாவாரியா எழுதுனா நல்லாருக்கும்.

ஒத்திகைக்கூடம்

உங்க அக்கா சரியாத்தான் சொல்லிருக்காங்க. அவரும் அச்சு அசலா இதே இடத்துலதான் மாட்டுனார், வெளிய வர பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதனால ரெண்டு வாரத்துல மனசு விட்றாதீங்க. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

1923ல ராய்ப்பூர்ல பொறந்தவர், தன்வீர்ங்கறது கவிதை எழுத வச்சுக்கிட்ட பேரு, கடைசில அதுவே நிலைச்சுருச்சு. நாக்பூர், அலிகர்ல படிப்பு, 1945ல பம்பாய், ரேடியோ வேலை, சினிமா, கூடவே இப்டாங்கற இடதுசாரி நாடக இயக்கத்தோட நாடகங்கள். 1954ல டெல்லி வந்து போட்டதுதான் 'ஆக்ரா பஜார்'. 18ஆம் நூற்றாண்டு உருதுக் கவிஞர் நஸீர் அக்பராபாதி பத்தின நாடகம், ஆனா அந்தக் கவிஞர் மேடைக்கே வர மாட்டார். மேடை முழுக்க சந்தைதான். வெள்ளரிப்பிஞ்சு விக்கிறவன் ஒருத்தன், பாட்டோட கூவுனா விக்கும்னு நினைச்சு என் வெள்ளரிக்காய் மேல ஒரு பாட்டு எழுதித் தாங்கன்னு கவிஞன் கவிஞனா அலையுறான், பெரிய புலவருங்க எல்லாம் விரட்டி விடுறாங்க, கடைசில நஸீர் எழுதிக் கொடுத்த பாட்டுலதான் அவன் யாவாரம் நடக்குது. இத ஜாமியா மில்லியா பசங்களையும் பக்கத்து ஓக்லா கிராமத்து சனங்களையும் வச்சுப் போட்டார். அதாவது ஊர்க்காரங்கள மேடையேத்தணும்ங்கற ஆசை ஆரம்பத்துலேயே இருந்துருக்கு.

அப்புறம் 1955ல லண்டன் ராடா, பிரிஸ்டல் ஓல்ட் விக்னு இங்கிலாந்து நாடகப் பள்ளிங்கள்ல நடிப்பும் இயக்கமும் படிக்கப் போறார். 1956ல பெர்லின் போய்ச் சேர்றார், ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் அந்த வருஷம் ஆகஸ்ட்ல செத்துட்டார், இவரால பாக்க முடியல. ஆனா அவர் குழுவோட நாடகங்கள உக்காந்து உக்காந்து பாத்துருக்கார். வெளிநாட்டுப் படிப்பு முடிச்சு 1958ல ஊருக்கு வந்தப்பதான் அந்த ராத்திரி. தான் படிச்ச ஸ்கூல் மைதானத்துல நாச்சா நடக்குதுன்னு கேள்விப்பட்டுப் போறார். நாச்சான்னா நம்ம கூத்து மாதிரி விடிய விடிய நடக்குற ஆட்டம், ஜோக்கர் வேஷம், பொம்பள வேஷம் கட்டுன ஆம்பளைங்க, நின்னுக்கிட்டே வாசிக்கிற வாத்தியக்காரங்க, நடுநடுவுல நாலஞ்சு கேலி நாடகம். முழு ராத்திரியும் உக்காந்து பாத்துட்டு, முடிஞ்சதும் நேரா அவங்ககிட்டப் போய் டெல்லிக்கு வர்றீங்களான்னு கேக்குறார். மதன்லால், தாக்கூர் ராம், பாபு தாஸ், புல்வா ராம், ஜக்மோகன், அப்புறம் லாலு ராம், ஆறு பேர். இவங்கள வச்சு மிருச்சகடிகம்ங்கற பழைய சமஸ்கிருத நாடகத்த 'மிட்டி கி காடி'ன்னு போட்டார். அடுத்த வருஷமே நாடக இயக்குநர் மோனிகா மிஸ்ராவோட சேர்ந்து நயா தியேட்டர்ங்கற குழுவ ஆரம்பிக்கிறார்.

இங்கதான் உங்க பிரச்சன. ஊர்ல மேடையக் கலக்குற தாக்கூர் ராம் டெல்லில வந்து ஹிந்தி வசனம் பேசுறப்ப கட்டை மாதிரி நிக்குறார். தன்வீர் லண்டன்ல படிச்சது எல்லாத்தையும் இவங்க மேல பிரயோகம் பண்றார், குறுக்க நட, இந்த இடத்துல நில்லு, இந்த வரிக்குத் திரும்புன்னு. அவங்களுக்கு வலது இடதே குழம்பும். சாப்பிடுற கை எது கழுவுற கை எதுன்னு கூடவா தெரியாதுன்னு கத்துவாராம், பின்னாடி அவரே பேட்டில வெளிப்படையா ஒத்துக்கிட்ட விஷயம் இது.

ரெண்டு தப்பு பண்ணுனேன்னு அவரே சொல்றார். ஒண்ணு, தாய்மொழி சத்தீஸ்கரி, அத விட்டுட்டு ஹிந்தி பேச வச்சது. பேச்சு மாறுனா உடம்பே மாறிடும், கை எங்க போகணும் மூச்சு எங்க விடணும்கறது எல்லாம் அந்தப் பேச்சுக்குள்ளதான் இருக்கு. இன்னொண்ணு, அடி அளந்து நிறுத்தி வச்சது. நாச்சாவுல மூணு பக்கமும் சனம் உக்காந்துருக்கும், எந்தப் பக்கம் சிரிப்பு வருதோ அந்தப் பக்கம் நடிகன் நகருவான், இன்னொரு பக்கம் ஒருத்தன் குரல் கொடுத்தா அங்க போவான். அவன் கால நகர்த்துறது சனம்தான். அவனப் புடிச்சு சாக்பீஸ் கோட்டுல நிறுத்துனா அவன் யாரப் பாத்து நகருவான்? இது தன்வீருக்குப் புரிய 1970க்கு மேல ஆச்சு. சத்தீஸ்கரிலயே பேசுங்கன்னு விட்டார், எழுதி வச்ச வசனத்தக் கீழ போட்டார், இதுதான் நிலைமை, நீங்களே பேசிப் பாருங்கன்னார்.

1973ல ராய்ப்பூர்ல ஒரு மாசம் நாச்சா பட்டறை. நூத்துக்கும் மேல கலைஞர்கள். பழைய நாச்சா நாடகம் மூணத் தேர்ந்தெடுத்து ஒண்ணாக் கோத்து 'காவ் கா நாம் ஸசுரால், மோர் நாம் தாமாத்'னு வந்துச்சு, ஊர் பேரு மாமியார் வீடு என் பேரு மாப்பிள்ளைன்னு அர்த்தம். முழுக்க சத்தீஸ்கரி. டெல்லில மொழி புரியாதவங்களும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவர் அதுக்கப்புறம் திரும்பிப் பாக்கல.

உங்க ஐயாகிட்ட பேப்பரக் கொடுக்காதீங்க. கதைய மட்டும் சொல்லுங்க, அவர் பேச்சுல அவரே பேசட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து எழுதிக்கங்க.

பிலாய்_பழசு

மேல எழுதுன தோழருக்கு நன்றி, படிக்கப் படிக்க எங்க ஊர் வாசனை வந்துருச்சு. அப்பா பிலாய் ஸ்டீல் பிளான்ட்ல வேலை, நான் பொறந்து வளந்தது எல்லாம் டவுன்ஷிப் செக்டர்லதான், வீட்ல தமிழ், தெருவுல ஹிந்தி, காய்கறிக்காரம்மாகிட்ட சத்தீஸ்கரி. ஸ்கூல்ல சத்தீஸ்கரில பேசுனா கிராமத்தான்னு கேலி பண்ணுவாங்க, அதனால நாங்க அத மேடையில பேசுற பாஷையாவே நினைச்சதில்ல.

தன்வீரோட பேர் பெற்ற நாடகம் 'சரண்தாஸ் சோர்', அதுக்கும் பிலாய்க்கும் சம்பந்தம் உண்டு, அத யாராவது சொல்லணும்ல. விஜய்தான் தேத்தா எழுதுன ராஜஸ்தான் கதை அது. 1974ல பிலாய்ல நடந்த பட்டறைல சின்னதா 'சோர் சோர்'னு செஞ்சு பாத்துட்டு, திறந்த மைதானத்துல சத்நாமி சனங்க கூட்டத்துக்கு முன்னாடி போட்டாங்க. சத்நாமிங்க குரு காசிதாஸ் வழியில வந்தவங்க, சாதிக் கொடுமையில நசுங்குன சனம், சத்தியம்தான் கடவுள்னு சொல்றவங்க. அவங்க பாட்டும் பந்தி ஆட்டமும் அப்படியே நாடகத்துக்குள்ள வந்துருச்சு. 1975ல முழு நாடகமாச்சு, அதே வருஷம் ஷியாம் பெனகல் படமாவும் எடுத்தார். 1982ல எடின்பரோ நாடக விழாவுல ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது.

கதை தெரியாதவங்களுக்கு: ஒரு திருடன் போலீஸுக்குப் பயந்து ஒரு சாமியார்கிட்ட ஒளியுறான். சும்மா ஜம்பத்துக்கு நாலு சத்தியம் பண்றான், தங்கத் தட்டுல சாப்பிட மாட்டேன், யானை மேல ஊர்வலம் போக மாட்டேன், ராணியக் கட்டிக்க மாட்டேன், ராஜா ஆக மாட்டேன்னு. திருடனுக்கு இதெல்லாம் எங்க நடக்கப் போகுதுன்னு ஒரு தைரியம். சாமியார் அஞ்சாவதா ஒண்ணு கேக்குறார், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் ஒண்ணொண்ணா அத்தனையும் அவன் முன்னாடி வந்து நிக்குது. கஜானாவுல திருடப் போய் அஞ்சே அஞ்சு மோகர், அதாவது தங்கக் காசு, எடுப்பான், அத வச்சு கஜானா கணக்குப் பாக்குறவன் தன் பங்குக்கு அஞ்சு எடுத்துட்டு பத்து காணோம்பான், திருடன் மட்டும் நான் அஞ்சுதான் எடுத்தேன்னு உள்ளதச் சொல்லுவான். அங்க கூட்டம் போடுற சத்தம் இருக்கே! கடைசில ராணி என்னைக் கட்டிக்கோங்கறா, மாட்டேங்கறான். சரி, நான் கேட்டத வெளிய சொல்லாதங்கறா. யாராவது கேட்டா நான் பொய் சொல்ல முடியாதேங்கறான். கொன்னுடுறாங்க.

நான் பாத்தது 90கள்ல, அப்பா தோள்ல உக்காந்து பாக்குற வயசு தாண்டிருச்சு, ஆனா அப்பா கையப் புடிச்சுக்கிட்டுதான் பாத்தேன். மேடையில பெருசா எதுவும் இல்ல, ஒரு சின்னத் திட்டு, பின்னால இலையோட ஒரு மரக்கிளை. ரெண்டு மணி நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்த சனம் திருடன் விழுந்ததும் அப்படியே அடங்கிப்போச்சு, முன் வரிசையில ஒரு பாட்டி முந்தானைய வாய்ல வச்சு அழுத்திக்கிட்டு உக்காந்துருந்தாங்க, எனக்கு அந்த முந்தானைதான் ஞாபகம். காய்கறிக்காரம்மா பேசுற பாஷைல ஒருத்தன் செத்துப்போறத மேடையில பாத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் ஸ்கூல்ல நானும் இன்னொருத்தனும் வேணும்னே சத்தீஸ்கரிலதான் பேசுனோம்.

மத்தளம்

எல்லாம் சரி, மறுக்கல. ஆனா ஒரு கேள்வி கேக்காம இருக்க முடியல, மனசுல பட்டதச் சொல்றேன். எங்க தாத்தா காலத்துல இருந்து கூத்துக் குடும்பம் நாங்க. நகரத்துல இருந்து வர்ற டைரக்டருங்க எங்க ஆட்டத்துல இருந்து நாலு அடவு, ரெண்டு பாட்டு எடுத்துட்டுப் போய் மேடையில போடுவாங்க, போஸ்டர்ல அவங்க பேரு பெருசா இருக்கும், நாங்க குழுவினர்ங்கற ஒத்த வார்த்தைல அடங்கிடுவோம். எங்க அப்பாவுக்கே அப்படி நடந்துருக்கு, யாருன்னு இங்க சொல்ல வேண்டாம்.

தன்வீர் விஷயத்துலயும் பத்மபூஷன் வரைக்கும் அவருக்கு. அந்த நாச்சாக்காரங்க என்ன ஆனாங்க? விடிய விடிய நடக்குற ஆட்டத்த ரெண்டு மணி நேரமா வெட்டி டிக்கெட் போட்டு ஹால்ல காட்டுனா அது இன்னும் நாச்சாதானா? தெரிஞ்சுக்கதான் கேக்குறேன், சண்டைக்கு இல்ல.

ஒத்திகைக்கூடம்

மத்தளம் தோழர், கேக்க வேண்டிய கேள்விதான். உங்க அப்பாவுக்கு நடந்தது அநியாயம், அதுக்கு என்ன சமாதானம் சொன்னாலும் பத்தாது.

தன்வீர்கிட்ட நான் பாக்குற வித்தியாசம் ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல நாட்டுப்புறக் கலையத் தேடிப் போன நெறைய பேர் அடவ எடுத்துட்டு வந்து நகரத்து நடிகனுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. இவர் அடவக் கொண்டு வரல, ஆட்டக்காரனையே கொண்டு வந்தார், கொண்டு வந்து முப்பது நாப்பது வருஷம் கூடவே வச்சுக்கிட்டார். சம்பளம் கொடுத்து நடத்துற குழுவா நயா தியேட்டர் மாறுனது 1972 வாக்குல, அந்த வருஷம்தான் அவர் ராஜ்யசபாவுக்கு நியமன எம்பியா போனார், 1978 வரைக்கும். பேர் விஷயத்துலயும், கோவிந்த்ராம் நிர்மல்கர், ஃபிதா பாய், தாக்கூர் ராம், லாலு ராம் இந்தப் பேரெல்லாம் இன்னிக்கு நாம எழுதுறோம்னா அது அவங்க அந்த மேடையில அந்த அளவுக்குத் தெரிஞ்சதாலதான். ஃபிதா பாய் தேவார்ங்கற நாடோடிப் பாட்டுக்காரக் குடும்பத்துல இருந்து வந்தவங்க. பொம்பள வேஷத்த ஆம்பளைங்களே கட்டுற நாச்சாவுல இருந்து வந்த குழுவுல இந்த அம்மா சரண்தாஸ் சோர்ல ராணியா நின்னாங்க. 'பகதூர் கலாரின்'னு 1978ல ஒரு நாடகம், தாய் மேலேயே ஆசைப்பட்டுடுற மகனப் பத்தின சத்தீஸ்கர் நாட்டுக்கதை, அதுல தாய் ஃபிதா பாய்தான். ஈடிப்பஸ் கதைய கிரேக்கத்துல தேடாம பக்கத்து ஊர்ல தேடி எடுத்தார் பாருங்க.

ஆனா நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொன்னா, எல்லாம் நல்லபடியா முடியல. சரண்தாஸா நடிச்ச நிர்மல்கருக்கு 2009ல பத்மஸ்ரீ, அதே வருஷம் ஜூன் 8 போபால்ல தன்வீர் காலமானார், 2014ல நிர்மல்கரும் போயிட்டார், கடைசி வருஷங்கள் கஷ்டத்துலதான் போச்சு. உலகம் பூரா கைதட்டுன சரண்தாஸுக்கு அந்த நிலைமை வந்துருக்கக் கூடாது. தன்வீர் ஒரு ஆளா தோள்ல தூக்கிச் சுமந்த குழு அது, அந்தத் தோளுக்கு அப்புறம் அவங்களத் தாங்குறதுக்கு சர்க்கார் பக்கம் ஒரு ஏற்பாடும் ஒழுங்கா இல்ல. இந்த விஷயத்துல எனக்கு இன்னும் கோவம் இருக்கு.

நாச்சா வெட்டுப்பட்டுச்சாங்கறது உண்மைதான், நேரம் குறைஞ்சுச்சு. ஆனா ஊர்ச் சரக்கு நீர்த்துப் போகல. 'போங்கா பண்டிட்'ட எடுத்துக்கங்க, தீண்டாமையக் கிண்டல் பண்ற பழைய நாச்சா நாடகம், நாச்சாக்காரங்களே பல வருஷமா ஆடிட்டு வந்தது. 1992க்கு அப்புறம் அதுக்கு எதிர்ப்புக் கிளம்பி ஊர் ஊரா கலாட்டா, 2003ல மத்தியப் பிரதேசத்துல நெறைய இடத்துல நடத்த விடல. எண்பது வயசு மனுஷன் நாடகத்தப் பட்டியல்ல இருந்து எடுக்க மாட்டேன்னு நின்னார். 1985ல 'ஹிர்மா கி அமர் கஹானி', 1966ல போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல செத்துப்போன பஸ்தர் ராஜா பிரவீர் சந்திர பஞ்ச் தேவ் விஷயத்த வச்சு, ஆதிவாசிங்க மேல வளர்ச்சிங்கற பேர்ல என்ன நடக்குதுன்னு கேட்ட நாடகம். அழகுக்காக மட்டும் நாட்டுப்புறத்தத் தொட்டவர் இத எல்லாம் தொட மாட்டார்.

செஞ்சி தோழருக்கு இன்னொண்ணு. 1993ல ஷேக்ஸ்பியரோட மிட்சம்மர் நைட்ஸ் டிரீம் பண்ணுனப்ப, கைவேலைக்காரங்க நாடகம் போட ஒத்திகை பாக்குறாங்களே, அவங்க எல்லாரையும் சத்தீஸ்கரில பேச விட்டார். ஷேக்ஸ்பியர்னதும் பயந்து எழுத்து நடைக்குப் போகல. உங்க நாடகத்துலயும் எல்லாரும் ஒரே தமிழ் பேசணும்னு கட்டாயம் இல்ல, ஐயா அவர் பேச்சு பேசட்டும், உங்க ஆளுங்க அவங்க பேச்சு.

மத்தளம்

பதிலுக்கு நன்றி தோழர். நிர்மல்கர் விஷயம் தெரியாது, தெரிஞ்சதும் மனசு கனத்துப்போச்சு. செஞ்சி_மேடை, உங்க போஸ்டர்ல அந்த ஐயா பேர உங்க பேருக்கு மேல போடுங்க, ஒத்திகை நாளுக்கும் பணம் கொடுங்க. ஆட்ட நாளுக்கு மட்டும் கொடுத்தா எங்க ஆளுங்க சீசன்ல உங்ககிட்ட வந்து நஷ்டப்படுவாங்க. பங்குனி சித்திரைல ஒத்திகை வைக்காதீங்க, திரௌபதி அம்மன் கோயில் ஆட்டம் அப்பதான்.

செஞ்சி_மேடை

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. நேத்து நடந்தத எழுதிடுறேன்.

ஐயா வீட்டுக்கே போனேன். பேப்பர எடுத்துட்டுப் போகல. திண்ணைல உக்காந்து கதைய மட்டும் சொன்னேன், நிலத்த வித்துட்டு வந்த பணத்த எண்ணத் தெரியாம எண்ணுற ஆளு கேரக்டர் அவரது. முழுசாக் கேட்டார், கேட்டுட்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசல. நான் ஒத்திகையில ஒரு தடவ கூட அவர்கிட்ட இந்தக் கதைய முழுசாச் சொன்னதில்லங்கறது அப்பதான் உறைச்சுது, அவர் பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துருக்கேன்.

அப்புறம் எழுந்து வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு கேட்டது ஒரே கேள்வி, "சனம் எந்தப் பக்கம் தம்பி உக்காரும்?" ஹால்ல எதிர்ல மட்டும்தான் ஐயான்னேன். "அது சுவரு மாதிரில்ல இருக்கும்"ன்னார். பேரன் பேத்திங்க, பக்கத்து வீட்டு அம்மா, நான்னு எல்லாரையும் வாசல்ல மூணு பக்கமா உக்கார வச்சார். பணத்த எண்ண ஆரம்பிச்சார், கையில பணமே இல்ல, புளியங்கொட்டைதான். ஒவ்வொரு நோட்டுக்கும் அந்த நிலத்துல எந்த வரப்பு, எந்தக் கெணறு, எந்த மரம்னு ஒரு பேரு சொல்லி வச்சு வச்சு எண்ணிட்டே போனார். பாதில பக்கத்து வீட்டு அம்மா "அந்த வேப்பமரத்தையுமா வித்துட்ட?"ன்னு கேட்டுட்டாங்க. அவங்க பக்கம் திரும்பி நின்னவர், ரொம்ப நேரம் நின்னார். நான் எழுதுன வசனத்துல மரமே கிடையாது.

ஹால கேன்சல் பண்ணிட்டோம். பக்கத்து ஊர் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கேட்டிருக்கோம், மூணு பக்கமும் பாய் விரிக்கிறோம். மத்தளம் தோழர் சொன்ன மாதிரி ஆட்டம் இல்லாத மாசமாப் பாத்து ஆடி முடிஞ்சு தேதி வச்சுருக்கோம், ஒத்திகை நாளுக்கும் சேத்துப் பணம் பேசிட்டோம். ஒரு உதவி மட்டும் வேணும், ஐயா ஹார்மோனியத்துக்கு ஆள் வேணும்ங்கறார், அவர் சுருதி அஞ்சுக் கட்டை. விழுப்புரம் திண்டிவனம் பக்கம் கூத்துக்கு வாசிக்கிறவங்க யாராவது தெரிஞ்சா இங்க சொல்லுங்க.